நடு லாச்சி

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிற எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு முதிரை மர அலுமாரி நிற்கிறது. அதற்கு மூன்று லாச்சி, அதாவது இழுப்பறை. மேல் லாச்சியில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் மாதிரியான பெரிய மனிதர்கள் குடியிருக்கிறார்கள். கீழ் லாச்சி அம்மாவின் தையல் சாமானுக்கு. நடு லாச்சிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது, ஆனால் எது காணாமல் போனாலும் எல்லோரும் முதலில் இழுப்பது அதைத்தான். கொஞ்சம் வேகமாக இழுத்தால் லாச்சி முழுதாகக் கழன்று காலில் விழும். என் இடது கால் பெருவிரல் நகம் இரண்டு தரம் அப்படித்தான் போனது.

(அலுமாரி போர்த்துக்கேயச் சொல், லாச்சி ஒல்லாந்தச் சொல். மட்டக்களப்புக் கோட்டையை 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். முதலில் அலுமாரி வந்தது, பிறகு அதற்குள் லாச்சி புகுந்தது என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.)

இந்த முறை சித்திரை வருஷத்துக்கு பெயின்ட் அடிக்க அலுமாரியை நகர்த்த வேண்டி வந்தது. சரி, இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று பழைய பேப்பரை விரித்து நடு லாச்சியை அப்படியே கவிழ்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் கேட்டே ஓடி வந்துவிட்டார். "ஒண்டையும் எறிஞ்சிராத மனே, நான் பாத்துத் தாறன்."

முதலில் திறப்புகள். ஒன்பது திறப்பு, மூன்று பூட்டு, ஒன்றுக்கும் ஒன்று பொருந்தவில்லை. கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற வீடு என்பதால் உப்புக்காற்றில் எல்லாம் துருவேறி ஒரே நிறமாகிவிட்டன. அப்புறம் சதக் காசுகள், ஓரம் நெளிந்த பத்துச் சதமும் சதுரமான ஐந்து சதமும். அவற்றின் மேல் றப்பர் பட்டி உருகி ஒட்டிக் கிடந்தது. நொக்கியாவின் மெல்லிய முள் சார்ஜர். பாதி தீர்ந்த கோடாலித் தைலம். வெள்ளைத் தூள் கக்கிய இரண்டு பற்றரி. அந்தத் தூள் சும்மா தூசி இல்லை, அல்கலைன் பற்றரிக்குள் இருக்கிற பொற்றாசியம் ஐதரொட்சைட்டு கசிந்து, காற்றுப் பட்டு, பொற்றாசியம் காபனேற்றாக மாறியது. உள்ளே இன்னும் ஈரம் இருந்தால் தோலை எரிக்கும், வெறுங்கையால் தொடக்கூடாது. தொட்ட பிறகுதான் இதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

கிழிந்த சொப்பிங் பையில் சுற்றிய ஒரு பொட்டலத்துக்குள் ஈயக்குண்டுகளும் தூண்டில் முள்ளும். அப்பாவுடையது. 2013 இல் வாவிக்கு மேலே புதுக் கல்லடிப் பாலம் திறக்கும் வரைக்கும் எங்களுக்கு 1924 இல் கட்டிய அந்தப் பழைய இரும்புப் பாலம்தான், ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம் மட்டும் போகும். அப்பா இரவில் அங்கே போய்த் தூண்டில் போடுவார். பூரணை நிலவில் வாவிக்குள் துடுப்பை இறக்கி அதன் நுனியில் காது வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று சொல்லித்தான் எங்களையும் கூட்டிப்போவார். அவருக்குப் பாட்டும் அகப்பட்டதில்லை, மீனும் அகப்பட்டதில்லை. பொட்டலத்தை நான் ஒரு பக்கமாக வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

லமினேட் செய்த கியூஆர் அட்டை ஒன்று வந்தது. 2022 இல் பெற்றோல் அடிக்க எடுத்தது. அதோடு ஏழெட்டு மெழுகுதிரித் துண்டு, அதே வருஷம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்து மிச்சம். "திரும்ப வந்தா?" என்றார் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. திரும்ப லாச்சிக்கே.

இப்படிப் பிரித்துக்கொண்டு போகும்போது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இன்னதென்று தெரிந்த சாமானுக்குத்தான் ஆபத்து. டியூப் லைட் ஸ்டார்ட்டர் நாலு கிடந்தது, வீடு முழுக்க இப்போது எல்ஈடி, யோசிக்காமல் எறிந்தேன், அம்மாவும் தடுக்கவில்லை. சார்ஜரும் அப்படியே போனது. ஆனால் ஒரு பக்கம் வளைந்த கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு, சின்ன ஸ்பிரிங், விரல் நீளத்தில் இரண்டு ஆணி ஓட்டையோடு ஒரு மரக்கட்டை, இவற்றைத் தொட்டால் மட்டும் அம்மாவுக்குப் பதறுகிறது. "அது என்னத்துக்கோ உள்ளது மனே, வை." எதற்கு என்று கேட்டால் தெரியாது. தெரியாததால்தான் எறிய முடியாது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று சொன்னவர் வீட்டிலும் இப்படி ஒரு லாச்சி இருந்திருக்க வேண்டும்.

மரக்கட்டையைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். கனடாவில் இருக்கிற சித்தப்பா கரம் போர்ட் கால் என்றார். மாமி தேங்காய் திருவலையில் கழன்ற துண்டு என்று அடித்துச் சொன்னார். மச்சான் கிரிக்கெட் பெயில்ஸ் என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போட்டான். பிறகு கதை 1978 சூறாவளிக்கு யார் வீட்டுக் கூரை முதலில் போனது என்பதற்குத் திரும்பிவிட்டது, கட்டையை மறந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் பெயின்ட் அடிக்க வந்த அண்ணன், வெறும் லாச்சியைத் தூக்கி வைக்கப் போனவர், பின்பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பேப்பரில் கிடந்த கட்டையை எடுத்து அதில் வைத்தார். இரண்டு ஓட்டையும் அச்சாகப் பொருந்தியது. "தம்பி, இது லாச்சி கழண்டு வராமத் தடுக்கிற கட்டை. இது இல்லாமத்தான் உங்கட கால்ல விழுது."

இத்தனை வருஷமும் அது லாச்சிக்குள்ளேயேதான் கிடந்திருக்கிறது.

அடிக்க ஆணி வேண்டும். பேப்பரில் நாற்பது ஆணியாவது கிடந்தது, எல்லாம் வளைந்தது, துருப்பிடித்தது. புது ஆணி வாங்கி வரும் வரைக்கும் துலைந்து போகாமல் இருக்கட்டும் என்று அம்மா அந்தக் கட்டையைத் திரும்ப நடு லாச்சிக்குள்ளேயே போட்டு வைத்தார்.

போன கிழமை ஸ்குரூ டிரைவர் தேடி இழுத்தேன். இந்த முறை வலது கால்.