வஞ்சிர முள்ளும் ஒரு கடல் ஊர்வனவும்

கொடைக்கானலுக்கு இந்த முறை சித்தப்பாவும் உடன் வந்தார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஏரியும் படகும் எல்லோரும் எழுதியவைதான். நான் எழுத வந்தது ஒரு மதியச் சாப்பாட்டைப் பற்றி.

பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மெஸ். வெளியே மூடுபனி, இலையில் வஞ்சிர மீன் குழம்பு. துண்டின் நடுவிலிருந்த முள்ளெலும்பை, அதாவது முதுகெலும்பின் ஒரு கணுவை, கழுவி என் உள்ளங்கையில் வைத்தார் சித்தப்பா. "இரண்டு பக்கமும் பாரம்மா." இரு முகமும் உள்நோக்கிக் குழிந்திருந்தன. பிறகு பையிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு ஒன்றை எடுத்தார். தட்டையான வட்டு, கை நிறைய இருந்தது. அதிலும் அதே குழிகள்.

"இது மீனில்லை. இக்தியோசார். நுரையீரலால் மூச்சுவிட்ட ஊர்வன."

திருச்சிப் பகுதியில் கிடைத்த இத்தகைய முள்ளெலும்புகளுக்குத்தான் 1879இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் லிடெக்கர் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இக்தியோசார்கள் முழுவதுமே அழிந்துவிட்டன.

இக்தியோசாரின் முதுகு மீனைப் போல இருந்தாலும் அதன் துடுப்பு உண்மையைச் சொல்லிவிடுகிறது. சித்தப்பா தம் கையை மேசைமேல் விரித்துக் காட்டினார். தோளிலிருந்து ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு மணிக்கட்டு, விரல்கள்: நம் கையின் அதே வரிசை. ஆனால் மேல்கை எலும்பு குட்டையாகிவிட்டது. விரலெலும்புகள் பெருகி, சில இனங்களில் ஒரே விரலில் இருபதுக்கும் மேல், சோழிகளை நெருக்கி அடுக்கியதுபோல் அமைந்தன. தரையில் நடந்த மூதாதையின் கை அது. எனக்குச் சோறு ஆறிப்போனதே தெரியவில்லை.

இடுப்பெலும்போ முதுகெலும்போடு சேரவே இல்லை. அந்த உடலைத் தரையில் தாங்க முடியாது; ஆமையைப்போல் கரையேறி முட்டையிடவும் வழியில்லை. அதனால் கடலிலேயே குட்டி போட்டது. வயிற்றில் குட்டிகளோடு கல்லான எலும்புக்கூடுகள் ஜெர்மனியில் கிடைத்திருக்கின்றன. வாலில் முதுகெலும்பு கீழ்நோக்கி வளைந்து துடுப்பின் கீழ்மடலுக்குள் போகிறது. சுறாவிலோ அது மேல்மடலுக்குள் போகும்.

மாலையில் தூண் பாறைகளைப் பார்த்தபோது, இங்கும் அப்படி எலும்பு கிடைக்குமா என்று கேட்டேன்.

"கிடைக்காதம்மா. இது பூமிக்கடியில் வெந்து இறுகிய சார்னோகைட் என்ற பாறை. அப்படி எலும்பு புதைந்த கடலடிக் களிமண் வேண்டுமென்றால் பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊருக்குத்தான் போக வேண்டும். தை மாதம் அழைத்துப் போகிறேன். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள், அங்கே நிழலே கிடையாது."