கைமெக்கர் ஒன்றுக்குக் காகிதம் தேடிய அனுபவம்

சென்ற கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில், இராமநாதபுரத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில், உடைந்த மிக்சிகளுக்கும் படகு எஞ்சின் பம்புகளுக்கும் நடுவே மின்கசிவைச் சோதிக்கும், கையால் சுற்றும் மெக்கர் ஒன்று கிடந்தது. கருப்பு பேக்லைட் பெட்டி, அறுந்த தோல்வார், மடக்கி வைக்கும் கைப்பிடி, கண்ணாடிக்குள் மஞ்சளேறிய அளவுத்தாள் என்று பார்த்தவுடனே எடுத்துவிடத் தோன்றும் பொருள் அது. கடைக்காரர் அதை எடைக்குப் போட மறுத்து, உள்ளே நல்ல காந்தம் இருக்கிறது என்று சொல்லி நானூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு என் ஊரான மண்டபத்துக்குப் பேருந்து ஏறினேன்.

மின்வேலை பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட் அழுத்தத்தில்தான் மின்தடையை அளக்கிறது. மோட்டார் காயிலின் வார்னிஷோ கேபிளின் ரப்பரோ நைந்திருந்தால் அந்தச் சிறிய அழுத்தத்தில் குறை வெளியே தெரியாது. மெக்கருக்குள் ஒரு சிறு டைனமோ உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் அது 500 வோல்ட் கொடுக்கும். மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் வார்னிஷ், ரப்பர் போன்ற காப்பின் வழியே அந்த அழுத்தத்தில் கசியும் மின்னோட்டத்தைக் கொண்டு, காப்பின் மின்தடையை முள் மெகா ஓமில் (பத்து லட்சம் ஓம்) காட்டும்; கசிவு கூடினால் எண் குறையும். வடகடலும் தென்கடலும் இருபுறமும் கிடக்கும் எங்கள் ஊரில், உப்புக் காற்றில் ஊறிய மோட்டார்களை இயக்குவதற்கு முன் மெக்கர் போட்டுப் பார்ப்பது வைண்டிங் கடைக்காரர்களுக்கு அன்றாட வேலை.

முதல் நாளே ஒரு தவறு செய்யவிருந்தேன். பெட்டியை மேசைமேல் வைத்தால் முள் நடுவில் எங்கோ நின்றது. சற்றுச் சாய்த்தால் நீரில் மிதக்கும் சருகைப் போல வேறிடத்துக்கு நகர்ந்தது. பூச்சியத்துக்கும் வரவில்லை, மறுகோடிக்கும் போகவில்லை. முள்ளைத் திருப்பி இழுக்கும் மயிரிழைச் சுருள்வில் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டித் திருப்புளியைக் கையில் எடுத்தேன். அடிமூடியின் நான்கு திருகுகளில் ஒன்று துருவில் இறுகி அசையாமல் இருந்ததால் மண்ணெண்ணெய் விட்டு இரவெல்லாம் ஊறவைக்க நேர்ந்தது. அந்த ஓர் இரவு கருவியைக் காப்பாற்றியது என்று பின்னால்தான் விளங்கியது.

இன்னொரு புதிரும் இருந்தது. லைன், எர்த் என்ற இரண்டு முனைகளோடு 'கார்டு' (Guard, காவல்) என்று மூன்றாவது முனை ஒன்றும் இருந்தது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன்தான் என்றாலும், வேலைக்குப் போன இடங்களில் எல்லோரும் முதல் இரண்டில் மட்டுமே கம்பி மாட்டினார்கள். மூன்றாவதை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடித்தான் கையேட்டைத் தேடத் தொடங்கினேன்.

பெயர்ப்பலகையைக் கடற்காற்று பாதி தின்றிருந்தது; தயாரித்தவர் பெயர் இருந்த இடத்தில் பச்சைக் களிம்புதான் மிச்சம். 'பழைய மெக்கர் மேனுவல்' என்று இணையத்தில் தேடினால் விற்பனைப் பக்கங்களும் இன்றைய டிஜிட்டல் கருவிகளின் ஏடுகளும்தான் வந்து குவிந்தன. எந்தக் கருவியின் பெயரைக் கொடுத்தாலும் 'கையேடு தயார்' என்று சொல்லும் தளம் ஒன்றில் ஏமாந்து பணம் கட்டியதும் நடந்தது. வந்து சேர்ந்தது பேட்டரியில் ஓடும் வேறொரு கருவியின் நான்கு பக்கத் துண்டறிக்கை. மாதிரிப் பக்கம் ஒன்றைக்கூடக் காட்டாத இடத்தில் பணம் கட்டக்கூடாது என்பது அன்று வந்த புத்தி. தேடும் சொல்லிலும் கோளாறு இருந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கம்பெனிகளின் அச்சு ஏடுகளில் 'மேனுவல்' என்ற சொல் அரிதாகவே தென்படுகிறது. பயன்படுத்தும் முறை 'இன்ஸ்ட்ரக்ஷன் புக்' என்றும், விலைப்பட்டியல் வெறும் 'லிஸ்ட்' என்றும் இருக்கும். இந்தச் சொற்களை இட்டுத் தேடியபோதுதான் பழைய ஏடுகளின் முகமே தெரிந்தது.

அடுத்து பலகையையே மறுபடி படித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். மெல்லிய வெள்ளைத்தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். பிறகு இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, விழுகிற நிழலைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்கள் அதில் எழுத்தாக எழுந்தன. பிரிட்டனில் தயாரானது என்ற வரியும் அதன் கீழ் மூன்று காப்புரிமை எண்களும் தெரிந்தன. மூன்றும் 4-இல் தொடங்கும் ஆறிலக்க எண்கள்.

அந்த எண்களிலேயே ஒரு காலக்கணக்கு ஒளிந்திருக்கிறது. பிரிட்டனில் 1915 வரை காப்புரிமை எண்கள் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கின. 1916 முதல் 100001 என்று ஆரம்பித்துத் தொடர்ச்சியாக ஓடுகின்றன. 4-இல் தொடங்குபவை 1930-களில் வெளியானவை. ஆகவே கருவி அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. பிந்தியதாக இருக்கலாம், ஏனென்றால் பழைய எண்களைப் பலகையில் பல ஆண்டுகள் அப்படியே அச்சடித்து வருவது வழக்கம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1998 முதல் நடத்திவரும் எஸ்பாஸ்நெட் என்ற இலவசத் தேடுதளத்தில், எண்ணுக்கு முன் பிரிட்டனைக் குறிக்கும் இரண்டெழுத்தைச் சேர்த்து இட்டால், மூல ஆவணத்தின் படமே திறக்கிறது. என் எண்களில் 3-ஆ 8-ஆ என்று தெரியாத இலக்கங்கள் இருந்ததால் எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்த்தேன். தறி ஒன்றும் சவரக் கருவி ஒன்றும் வந்துபோன பிறகு, என் பெட்டியின் குறுக்குவெட்டைப் போலவே ஒரு வரைபடம் திரையில் விரிந்தது. அன்று இரவுச் சோறு ஆறிப்போனதைப் பற்றி வீட்டில் எழுந்த பேச்சை இங்கே எழுதவில்லை.

விண்ணப்பித்தவர் பெயர் எவர்ஷெட் அண்டு விக்னோல்ஸ், லண்டனின் சிஸ்விக் பகுதி. சிட்னி எவர்ஷெட் 1889-இல் காப்பு அளக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றவர். 'மெக்கர்' என்பது 1903-இல் அந்தக் கம்பெனி பதிவுசெய்த வணிகப்பெயர். நாம் இன்று எந்தக் கம்பெனியின் காப்புச் சோதனைக் கருவியையும் மெக்கர் என்றே சொல்கிறோம்.

காப்புரிமை ஆவணம் கையேட்டுக்கு ஈடாகாது. அதன் நடை வக்கீல் நோட்டீஸைப் போன்றது. எந்தத் திருகை முதலில் கழற்றுவது என்று அது சொல்லாது. ஆனால் ஒரு பாகம் ஏன் அங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டைவிடத் தெளிவாகச் சொல்லும். புதிதாகச் செய்ததை விளக்கினால்தானே உரிமை கிடைக்கும்? கைப்பிடியை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் டைனமோ ஒரே வேகத்தில் ஓடும்படி வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச் ஒன்று உள்ளே இருப்பது எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

கம்பெனியின் பெயர் தெரிந்தபின் கதவுகள் திறந்தன. அமெரிக்காவில் இந்தக் கருவிகளை பிலடெல்பியாவின் ஜேம்ஸ் பிடில் கம்பெனி தன் பெயரில் விற்றது. லண்டன் பெயரில் கிடைக்காத விளக்க ஏடுகள் பிடில் பெயரில் தேடினால் கிடைத்தன. அமெரிக்க ராணுவம் தன் தொழில்நுட்பவியலாளர்களுக்காக அச்சிட்ட பழுதுபார்ப்பு ஏடுகள் அதைவிடப் பயன்பட்டன. அரசாங்க வெளியீடு என்பதால் அவற்றுக்கு அங்கே பதிப்புரிமைத் தடை இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து அடுக்கிய படத்தோடு, கருவியை முன்பின் பார்த்திராத சிப்பாய்க்குப் புரியும்படி எழுதியிருக்கிறார்கள். ஒரே கருவி கடல் கடந்து வேறு பெயரில் விற்கப்பட்டதா என்று முதலிலேயே கேட்டிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

அந்த ஏடுகளில்தான் முள்ளின் மர்மம் விடுபட்டது. மெக்கரின் முள்ளுக்குத் திருப்பி இழுக்கும் சுருள்வில்லே கிடையாது. ஒரே அச்சில் ஒன்றுக்கொன்று கோணமாகப் பொருத்திய இரண்டு சுருள்கள் காந்தப்புலத்தில் திரும்புகின்றன. டைனமோவின் அழுத்தத்துக்கு ஏற்ற மின்னோட்டம் ஒன்றில் பாய்கிறது. சோதிக்கும் பொருளின் வழியே கசிந்து வரும் மின்னோட்டம் மற்றதில் பாய்கிறது. முள் காட்டுவது இந்த இரண்டின் விகிதத்தை. இரண்டுக்கும் மின்சாரம் ஒரே டைனமோவிலிருந்து வருவதால், அழுத்தம் சிறிது ஏறி இறங்கினாலும் விகிதம் மாறுவதில்லை. சுற்றாத வேளையில் முள்ளைப் பிடித்திருக்க எதுவும் இல்லாததால் அது மிதக்கத்தான் செய்யும். அறுந்துபோனதாக நான் எண்ணிய வில், செய்த நாளிலிருந்தே அதில் இல்லாத ஒன்று.

அதே ஏட்டில் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது: காந்தத்தின் இரு துருவங்களையும் இணைக்க ஓர் இரும்புத்துண்டை வைக்காமல், டைனமோவின் சுழலும் பாகமான ஆர்மேச்சரை வெளியே உருவினால் காந்தம் வலுவிழந்துவிடும். துருவேறிய அந்தத் திருகு முதல் இரவே கழன்றிருந்தால் நான் ஆர்மேச்சரைத்தான் முதலில் உருவியிருப்பேன்.

கப்பல்களில் மின்பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற கீழக்கரைப் பெரியவர் ஒருவரிடம், அச்சடித்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஊரில் எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே பெட்டியை வாங்கிக் கையில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "முள்ளு தொங்காம மெதக்குதா தம்பி? அப்ப உசுரு இருக்கு, பயப்படாதீய" என்றார். மூன்று வாரம் தேடிக் கண்டுபிடித்ததை அவர் மூன்று நொடியில் சொல்லிவிட்டார். கார்டு முனையைப் பற்றிக் கேட்டதும் அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த குறிப்பேடு ஒன்றை எடுத்து, கேபிளின் முனையில் செம்புக்கம்பி சுற்றிய ஒரு கையோவியத்தைக் காட்டினார். "கப்பல்ல உப்பு படியாத கேபிள் ஏது? இது இல்லாம போட்டா நல்ல கேபிளையும் கெட்டதுன்னு எழுதிப்புடுவோம்" என்றார். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க அனுமதித்தார். நோட்டைக் கொடுக்கவில்லை, கேட்பதும் முறையாக இருந்திருக்காது.

இந்தியத் தரநிர்ணயம் ஒன்றும் கைக்கு வந்தது. கையால் இயக்கும் காப்புச் சோதனைக் கருவிகளுக்கான விதிகள் ஐ.எஸ். 2992. பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பு இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றிவைத்துள்ள ஐ.எஸ். தொகுப்பில் அதை எளிதாக எடுத்தேன். கருவி வேறு நாட்டுடையதாக இருந்தாலும், எதை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு அது போதும்.

பழுதுபார்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை அதிகம் இல்லை. ஆர்மேச்சரைத் தொடவே இல்லை. பல்சக்கரங்களில் மெழுகாக இறுகியிருந்த கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சிறிது வைத்தேன். கிளட்சின் உராயும் பரப்பில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டேன். டைனமோவின் மின்சாரத்தை ஒரே திசையில் வெளியே கொடுக்கும் காமுட்டேட்டரை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். நிமிடத்துக்குச் சுமார் 160 சுற்றை எட்டியதும் கைப்பிடியில் கிளட்ச் வழுக்குவது லேசான அதிர்வாகத் தெரிந்தது. அளவைச் சரிபார்க்க 10 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் பத்தை வரிசையாகப் பற்றவைத்தேன். கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று சாதாரணமாக 250 வோல்ட்தான் தாங்கும் என்பதால், தனி ஒன்றை இந்த 500 வோல்ட்டில் மாட்டக்கூடாது. குறைந்தது இரண்டைச் சேர்த்தே மாட்ட வேண்டும். 20 மெகா ஓமுக்கு முள் 22-ஐயும், 50-க்கு ஏறத்தாழ 55-ஐயும் காட்டியது. 100-க்குப் பக்கத்தில் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் கணிப்புதான். இந்த வயதுக்கு எனக்குப் போதும்.

கார்டு முனையைச் சோதிக்க மொட்டைமாடியே ஆய்வுக்கூடம் ஆயிற்று. பழைய ரப்பர் கேபிளில் ஒரு மீட்டர் நறுக்கி, இரு முனைகளிலும் செம்பு தெரிய உரித்து, நடுப்பகுதியில் வெள்ளீயத் தாளை இறுகச் சுற்றி இரவு முழுவதும் வெளியே கிடத்தினேன். தென்கடலிலிருந்து கச்சான் வீசிய இரவு. விடியலில் ரப்பரைத் தடவினால் விரலில் உப்புப் பிசுபிசுப்பு. லைனைச் செம்புக்கும் எர்த்தைத் தாளுக்கும் மாட்டிச் சுற்றியபோது முள் 3 மெகா ஓமில் நின்றது; கேபிள் கெட்டது என்று எழுதிவிடலாம். பிறகு காக்காவின் ஓவியத்தில் இருந்தபடி, செம்புக்கும் தாளுக்கும் இடையில் வெறும் ரப்பர் தெரியும் இடத்தில், இரு பக்கமும் மெல்லிய கம்பியை நான்கு சுற்றுச் சுற்றிக் கார்டு முனைக்குக் கொடுத்துச் சுற்றினேன். முள் 100-ஐத் தாண்டி மேலே போய் நின்றது. ரப்பரின் மேற்பரப்பில் உப்பு ஈரத்தின் வழியே கசிவது அந்தக் கம்பியில் பிடிபட்டு, அளக்கும் சுருளைத் தொடாமலே நேராக டைனமோவுக்குத் திரும்பிவிடுகிறது. ரப்பரின் உடம்பை ஊடுருவிக் கசிவது மட்டும் முள்ளை அசைக்கிறது. கேபிளை நன்னீரில் கழுவி வெயிலில் காயவைத்தபின் கார்டு இல்லாமலே ஏறத்தாழ அதே அளவு வந்தது. எங்கள் கடற்கரையில் எத்தனை நல்ல கேபிள்கள் காலை ஈரத்தில் அளக்கப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போயினவோ!

இப்படிச் சோதிப்பவர்கள் சுற்றும்போது கம்பி முனைகளைத் தொடக்கூடாது என்பதையும், நீளமான கேபிளாக இருந்தால் சோதித்த பிறகு முனைகளைக் குறுக்கே இணைத்து மின்னேற்றத்தை இறக்கிவிட வேண்டும் என்பதையும், மின் இணைப்பில் உள்ள எதிலும் மெக்கரை மாட்டவே கூடாது என்பதையும் ஏடுகள் எல்லாமே முதல் பக்கத்தில் சொல்கின்றன. நானும் சொல்லிவைக்கிறேன்.

பலகையிலுள்ள மூன்றாவது எண்ணின் நடு இரண்டு இலக்கங்கள் இன்னும் பிடிபடவில்லை. நூறு சேர்க்கைகளில் அறுபத்து நான்கைப் போட்டுப் பார்த்தாயிற்று. மீதியை மழைக்காலத்தில் பார்க்க வேண்டும். ராணுவ ஏட்டின் ஆறு பக்கங்களையும், காக்காவின் ஓவியத்தைப் பார்த்து நான் வரைந்ததையும் அச்சடித்து, ஈரம் ஏறாதபடி லேமினேட் செய்து, பெட்டியின் புதிய தோல்வாரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். காக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். ஓவியத்தில் எர்த் கம்பியை நான் எதிர்ப்பக்கம் வரைந்துவிட்டதாகச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறார். அதை மாற்றி மறுபடி அச்சடிக்க வேண்டும்.