ரெமிங்டன் 700-க்கு ட்ரிகர்: கடைசியில் வளைந்த ஷூதான்

என் ரெமிங்டன் 700 ரைஃபிளுக்கு ஒருவழியாக ட்ரிகர், அதாவது விசைப் பொறி, முடிவாகிவிட்டது. ட்ரிகர்டெக் ஸ்பெஷல், வளைந்த ஷூ (விசையில் விரல் படும் துண்டு), இழுப்பு எடை 24 அவுன்ஸ். அளவுமானியில் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறேன், ஓர் அவுன்ஸுக்குள்தான் ஆடுகிறது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

கழற்றி வைத்தது ரைஃபிளோடு வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோக்களை ரெமிங்டனே திரும்ப அழைத்தது பலருக்கு நினைவிருக்கும். பொருத்தும்போது பசை கூடுதலாகப் போனதால், விசையை இழுக்காமலே வெடிக்கும் ஆபத்து இருந்தது. என்னுடையது அதற்குப் பிறகு வந்தது, அந்தக் கவலை இல்லை. மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அதன் இழுப்பு எடை சரிதான். 600 கெஜத்தில் இரும்புத் தட்டைக் குறிவைக்கும் எனக்கு இன்னும் இலகுவாக வேண்டும்.

700 வைத்திருப்பவர்களுக்கு ட்ரிகர் பஞ்சமே கிடையாது. டிம்னி கால்வின் எலைட் 8 அவுன்ஸ் வரை இறங்கும், மாற்றிக்கொள்ள நான்கு ஷூக்களும் உண்டு. ரைஃபிளை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்களிடம் ஜூவல் ட்ரிகருக்கு இருக்கும் மரியாதை தனி. ஆஸ்திரியாவின் பிக்ஸ்ன் ஆண்டி ட்ரிகரை ஒரு நண்பரின் ரைஃபிளில் இழுத்துப் பார்த்தேன். அருமை. விலையும் அப்படித்தான். நான் சுடுவது டெக்சஸ் புழுதியில், குப்புறப் படுத்தும் பலகைத் தடுப்பில் சாய்ந்தும். மற்ற ட்ரிகர்களில் இரண்டு எஃகு விளிம்புகள் உரசி நழுவும் இடத்தில் ட்ரிகர்டெக் ஒரு சின்ன உருளையை வைத்திருக்கிறது. உரசலுக்குப் பதில் உருளல். விசை உடையும் முன், அதாவது தோட்டாவை அடிக்கும் ஊசி விடுபடும் முன், அந்த நறநறப்பு இல்லவே இல்லை. எனக்கு இது போதும்.

இனி ஷூ விஷயம். இதில்தான் என் நேரமெல்லாம் போனது.

எல்லோரும் தட்டையான ஷூவைப் புகழ்கிறார்கள், நானும் முதலில் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்தால் எண் ஒரு நிலையில் நிற்கவில்லை. காரணம் எளிது. விசை மேலே ஒரு பின்னில் தொங்குகிறது. அந்தப் பின்னிலிருந்து எவ்வளவு தள்ளி இழுக்கிறோமோ அவ்வளவு குறைந்த பலம் போதும். 20 மி.மீ. தள்ளி 24 அவுன்ஸ் கேட்கும் விசை, 25 மி.மீ. தள்ளி இழுத்தால் 19 அவுன்ஸிலேயே உடைந்துவிடும். தட்டை ஷூவில் விரல் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். படுத்துச் சுடும்போது ஓரிடம், முழங்காலிட்டால் வேறிடம், அவசரத்தில் இன்னோரிடம். வளைந்த ஷூவில் விரல் தானாகவே வளைவின் ஆழத்துக்கு வந்து சேர்கிறது. எப்போதும் ஒரே இடத்தில் விரல் வைக்கப் பழகியவர்களுக்குத் தட்டை அருமையான ஷூ. தடுப்புக்குத் தடுப்பு ஓடிச் சுடுகிறவர்களுக்கு வளைவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அதனால்தான் பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்து இரண்டு ட்ரிகர்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்கிறேன். நீங்களே அளந்து பாருங்கள். லைமன் டிஜிட்டல் மானியின் கொக்கி நழுவாதிருக்க ஷூவில் மெல்லிய டேப்பால் ஓர் அடையாளம் ஒட்டிக்கொள்ளுங்கள். ரைஃபிளை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கி, குழலுக்கு இணையாக, மெதுவாக இழுங்கள். கோணம் சற்று மேலே போனாலும் எண் மாறும்.

16 அவுன்ஸுக்கும் இறக்கிப் பார்த்தேன். வெறும் விரலில் சுகமாக இருந்தது. ஜனவரிக் குளிரில் கையுறை போட்டால், விரல் விசையைத் தொட்டதே தெரியும் முன் உடைகிறது. அது எனக்கு வேண்டாம்.

பொருத்துவது இரண்டு பின்களைக் கழற்றி மாட்டும் வேலை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். போல்ட் ஸ்டாப் (தோட்டாவைத் தள்ளி மூடும் போல்ட் பின்னால் கழன்று வராமல் தடுப்பது) தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா, சேஃப்டி நெம்புகோல் ஸ்டாக்கில், அதாவது ரைஃபிளைத் தாங்கும் கட்டையில், உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள். என் ஸ்டாக்கில் ஓர் ஓரம் உரசியது, அரத்தால் கொஞ்சம் தேய்த்தேன். அப்புறம் தோட்டா இல்லாமல் சோதனை: போல்ட்டை ஓங்கி அறைந்து மூடுவது, ரப்பர் சுத்தியலால் தட்டுவது, சேஃப்டி போட்டு விசையை இழுத்து விட்டுவிட்டுச் சேஃப்டியை எடுப்பது. எதிலும் ஊசி விழக் கூடாது. எனக்கு விழவில்லை. எடையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் இதை முழுசாகச் செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள்.

வாங்கிய கடையைப் பற்றி ஒரு புலம்பல். கையிருப்பில் இருக்கிறது என்று போட்டுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, பிறகுதான் தயாரிப்பாளரிடமிருந்து வரவேண்டும் என்கிறார்கள். இது நியாயமே இல்லை. போன் செய்து, பெட்டி அலமாரியில் இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

ரைஃபிளின் உலோக உடல் ஸ்டாக்கில் ஆடாமல் உட்கார வைக்கும் பெடிங் வேலை இன்னும் பாக்கி. மனசு அதற்குள் பயிற்சிக்கான .22 ரைஃபிள் பக்கம் போய்விட்டது. பெர்காரா பி-14ஆர் என்ற .22, ரெமிங்டன் 700-இன் ட்ரிகர்களையே ஏற்கும். அதிலும் இதே ஸ்பெஷல், இதே வளைந்த ஷூ, இதே 24 அவுன்ஸ் வைத்தால், மலிவான தோட்டாவில் பழகிய விரல் பெரிய ரைஃபிளிலும் அப்படியே வேலை செய்யும். இந்த முறை தொலைபேசியில் உறுதி செய்துகொண்டுதான் ஆர்டர் போடுவேன்.