பின்சிலிண்டரின் அனல்: ஒரு கோடைக்கால நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 6, ஞாயிறு, தண்டையார்பேட்டை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இன்று அடுத்தடுத்து இரண்டு சரக்கு ரயில்கள் கடந்து போகும்வரை நிற்க வேண்டியதாயிற்று. எஞ்சினை அணைத்துவிட்டேன்; ஆனாலும் வலது தொடையில் அடித்த அனல் தணியவில்லை, அணைத்த பிறகு சில நிமிடங்களுக்கு அது கூடியதாகவே தோன்றியது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது முழங்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. தடித்த ஜீன்ஸ் துணிக்கு மேலாகப் பட்ட சூட்டுக்கே இந்த நிலை. பின்னிருக்கையில் வந்த மனைவி, இனிமேல் வெயில் தாழ்ந்த பிறகுதான் இந்த வண்டியில் ஏறுவேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

வண்டி 1,600 சிசியைத் தாண்டிய, காற்றால் குளிரும் வி-ட்வின் மோட்டார்சைக்கிள்; அதாவது இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் முன்னும் பின்னுமாக நிற்கும் எஞ்சின். எந்த நிறுவனத்துடையது என்பது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை. இந்த வகை எஞ்சின்கள் அனைத்துக்கும் கதை ஏறத்தாழ ஒன்றுதான். முன்சிலிண்டர் எதிர்க்காற்றை வாங்கிச் சூடாக்கிப் பின்னுக்கு அனுப்புகிறது. அதன் நிழலில் ஒளிந்திருக்கும் பின்சிலிண்டருக்கு அந்த மிச்சக் காற்றுதான் கிடைக்கிறது. நம் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டர் நிமிர்ந்து நின்று காற்று முழுவதையும் தானே எடுத்துக்கொள்ளும். என் வண்டியிலோ பின்சிலிண்டரின் புகை வெளியேறும் வளைகுழாயான பெண்ட் பைப் வலது தொடைக்கு அருகிலேயே வளைந்து இறங்கி, காலடிப் பலகைக்குக் கீழே முன்பைப்புடன் சேர்கிறது. சேருமிடத்தில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது என்று முடிவு செய்து, அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கினேன். முதல் அளவே என்னை ஏமாற்றியது. பத்து நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் நின்ற இடத்திலேயே, ஓடிய வண்டியின் குரோம் பைப்பை நோக்கிப் பிடித்தால் 74 டிகிரி காட்டுகிறது. அதே இடத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டால் அது சீறிக்கொண்டு துள்ளி ஓடுகிறது. பளபளப்பான உலோகப் பரப்பு தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியிடுவது மிகக் குறைவு என்பதையும், கருவி அதில் பிரதிபலிக்கும் எதிர்ச்சுவரின் வெப்பத்தையே பெரும்பாலும் படிக்கிறது என்பதையும் பள்ளியில் படித்திருந்தும் மறந்துபோயிருந்தேன். வெப்பம் தாங்கும் கறுப்பு மேட் பெயிண்டில் ரூபாய் நாணய அளவுக்கு ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் மீண்டும் அளந்தேன்: 238 டிகிரி. வெறும் குரோமை அளந்துவிட்டு, 'சைலன்சர் மாற்றினேன், இத்தனை டிகிரி குறைந்தது' என்று பெருமையாகச் சொல்பவர்களின் எண்களை இனி நான் நம்பப் போவதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒப்பிடுவதற்கான தடத்தையும் முறையையும் வகுத்துக்கொண்டேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலை வழியாக எர்ணாவூர் வரை, துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஓரமாக ஊர்ந்து போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்தி மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். இன்று நிழலில் 34 டிகிரி. ஆயில் 127, பெண்ட் பைப்பின் கறுப்புப் பொட்டு 262, பைப்பை மறைத்துக் காலை ஒட்டியுள்ள தகட்டின் மேற்பரப்பு 96. நெடுஞ்சாலையில் இதே வண்டியின் ஆயில் 105-ஐத் தாண்டியதில்லை. ஆகவே ஓடும்போது எஞ்சினில் குறை இல்லை; நிற்கும்போதுதான் பிரச்சினை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மச்சான் வந்திருந்தார். அவருக்குத் தெரிந்த எல்லாரும் சொல்லும் தீர்வையே அவரும் சொன்னார்: கன்வெர்ட்டரை அறுத்து எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் பாதிச் சூடு போய்விடும். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய தேன்கூட்டு அறைகளுக்குள் எரித்து முடிப்பதுதான் கன்வெர்ட்டரின் வேலை. எரித்தல் என்றாலே வெப்பம். சுமார் 300 டிகிரியை எட்டும்வரை அது ஒழுங்காக வேலையே செய்யாது என்பதால், சூடாக இருக்க வேண்டியது அதன் இயல்பு. இதை வலது பாதத்துக்குக் கீழே கொண்டுவந்து வைத்ததுதான் வடிவமைத்தவர்கள் செய்த முடிவு.

ஆனாலும் அதை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தயாரிப்பாளரின் அடிப்படை விவரக்குறிப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. காற்று, ஒலி மாசு விதிகளை மீறினால் 190(2)-ஆம் பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மணலி ஆலைகளின் வாடையையும் துறைமுக லாரிகளின் கரியையும் நாள்தோறும் சுவாசிக்கும் தெருவில் வாழ்ந்துகொண்டு, என் தொடை குளிர்வதற்காக அதே தெருவில் என் பங்குக்கும் புகையைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மச்சான் சிரித்துவிட்டு மீன் குழம்புக்கு உட்கார்ந்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

டியூனிங்கைத் தொடும் முன் கசிவுகளைத் தேடினேன். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடித்ததற்குக் காரணம், பின்சிலிண்டரும் பெண்ட் பைப்பும் சேருமிடத்தை அடைக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கட் நசுங்கிப் போயிருந்ததே. அந்த இடைவெளி வழியாக உள்ளே நுழையும் வெளிக்காற்றின் ஆக்சிஜனைப் பைப்பில் உள்ள ஆக்சிஜன் சென்சார் கண்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று தவறாகச் சொல்லும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு அதை நம்பித் தேவையற்ற பெட்ரோலைச் சேர்க்கும். இப்படிப்பட்ட வண்டியை டியூன் செய்வது பொய் சொல்லும் தராசில் நிறுப்பதற்குச் சமம். இன்டேக் மேனிஃபோல்டின் ரப்பர் சீல்களைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாகத் தெளித்துப் பார்த்தேன். ஐடில் வேகம் மாறவில்லை, அங்கே கசிவில்லை. சூடான எஞ்சினில் இதைச் செய்வது தீயோடு விளையாட்டு என்பதால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய உடனேயே பார்த்தேன். கேஸ்கட் மாற்றிய பிறகு வெடிச்சத்தம் நின்றது. எர்ணாவூர் அளவுகள் மட்டும் ஒரு டிகிரிகூட மாறவில்லை.

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. மாலையில் மடிக்கணினியை இணைத்து ஈசியுவின் மேப்பைத் திறந்தேன்; எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று சொல்லும் கட்டங்களின் அட்டவணை அது.

பெட்ரோலும் காற்றும் மிச்சமின்றி எரிந்து தீரும் விகிதம், எடைக்கணக்கில், தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5. எதுவானாலும் சென்சார் அந்தச் சமநிலையை லாம்டா 1 என்றே காட்டும்; பெட்ரோல் கூடினால் லாம்டா ஒன்றுக்குக் கீழே இறங்கும். கன்வெர்ட்டர் தன் மூன்று வேலைகளையும் (முன்பு சொன்ன இரண்டோடு நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதும்) சேர்த்துச் செய்ய இந்தச் சமநிலை வேண்டும். ஆனால் வெளியேறும் வாயுவின் வெப்பம் உச்சத்தைத் தொடுவதும் இதற்கு அருகில்தான். கலவையில் பெட்ரோலைக் கூட்டினால், கூடுதல் பெட்ரோல் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் எரிதல் சற்றுக் குளிர்கிறது. சென்சாரின் கண்காணிப்பு இல்லாத இடங்களில், அதாவது ஆக்சிலேட்டரை நன்றாகத் திருகும்போது, எத்தனால் மிகுந்த இன்றைய பெட்ரோலுக்கு மேப்பில் உள்ள பழைய அளவு போதாது. அங்கே கலவையில் பெட்ரோல் குறைந்து அது வறண்டுபோகிறது.

ஆகவே அந்தப் பகுதிகளில் லாம்டாவை 0.9-க்குக் கொண்டுவந்தேன். ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும் 0.98-க்குக் கீழே இறங்க மனமில்லை. பெட்ரோலை அதற்குமேல் கூட்டினால் கன்வெர்ட்டர் இருந்தும் இல்லாததாகிவிடும், கார்பன் மோனாக்சைடு ஏறும்.

மே 7, புதன்

எர்ணாவூர் அளவு: ஆயில் 125. இவ்வளவு படித்து, இவ்வளவு மாற்றி, கிடைத்தது இரண்டு டிகிரி.

மே 11, ஞாயிறு

இன்று ஸ்பார்க் நேரத்தைத் தொட்டேன். ஐடிலில் என் வண்டியின் ஸ்பார்க் மிகவும் தாமதமாக விழுவது மேப்பில் தெரிந்தது. ஸ்பார்க் தாமதித்தால் எரிதலும் தாமதிக்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு முழுதாக அடங்கியிருக்காது. பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய ஆற்றல், புகை வெளியேறும் வாயான போர்ட்டையும் பெண்ட் பைப்பையும் சூடாக்கிக்கொண்டு வெளியே போகிறது. குளிர்ந்த எஞ்சினில் கன்வெர்ட்டரை விரைவில் சூடேற்ற இது உதவும். சூடான எஞ்சினுக்கு இது தண்டனை. ஆயில் 90 டிகிரியைத் தாண்டிய நிலையில் மட்டும், ஐடிலுக்கு நான்கு டிகிரி அட்வான்ஸ் கொடுத்தேன்; இந்த டிகிரி வெப்பமல்ல, எஞ்சின் சுழலும் கோணம், அவ்வளவு முன்னதாக ஸ்பார்க் விழும்.

கைதவறி, பக்கத்துக் கட்டங்களிலும் அதே நான்கைச் சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது. பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மூன்றாவது கியரில் ஏறும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. நாக்கிங்: சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம். உடனே ஆக்சிலேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, மெதுவாக வீடு திரும்பினேன். எஞ்சின் குளிர வேண்டும் என்று செய்த வேலை, இன்னும் சில நிமிடங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் பிஸ்டனையே உருக்கியிருக்கும். வெயிலுக்கு முன்பே வீடு போய்ச் சேரலாம் என்று மேப்பைச் சரிபார்க்காமல் அவசரப்பட்டதுதான் தவறு. இரவு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்துத் திருத்தினேன்.

மே 14, புதன்

ஆயில் 121, கறுப்புப் பொட்டு 239. பைப்பின் வெப்பம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. மொத்தமாக 23 டிகிரி. அதில் பெரும்பங்கு ஸ்பார்க் நேரத்தின் வேலை. காலை ஒட்டிய தகடு மட்டும் இன்னும் 91.

மே 18, ஞாயிறு

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அறைக்குள் கொதிக்கும் டீசல் எஞ்சினோடு நாள்கணக்கில் கடலில் இருக்கும் ஆட்களுக்காக வேலை செய்பவருக்கு, சூட்டைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும். பைப்பைச் சுற்றி வெப்பநாடா கட்டலாமா என்று கேட்டேன். அவர் என் பெண்ட் பைப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க உப்புக்காத்து தம்பி. நாடா ஈரத்தைப் புடிச்சி வெச்சிக்கும், உள்ள இரும்பு அரிச்சிடும், உனக்குத் தெரியவே தெரியாது" என்றார். பைப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு என்று தொட்டுக் காட்டச் சொன்னார். ஒரு விரல்கூட நுழையவில்லை.

அந்த ஒரு கேள்விதான் என்னை ஏப்ரலிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த பாதையிலிருந்து திருப்பியது. எஞ்சின் உண்டாக்கும் வெப்பத்தைக் குறைப்பதிலேயே நின்றுவிட்டேன். உண்டான வெப்பம் எந்த வழியாகத் தொடைக்கு வருகிறது என்று பார்க்கவில்லை. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. மீதம் பைப் வழியாகவும் சிலிண்டர் வழியாகவும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதை எந்த டியூனிங்கும் பெரிதாக மாற்றிவிடாது.

ராயபுரத்து லேத் பட்டறை ஒன்றில் எட்டு மில்லிமீட்டர் ஸ்பேசர்கள் நான்கு கடைந்து வாங்கி, தகட்டைப் பைப்பிலிருந்து விலக்கிப் பொருத்தினேன். தகட்டின் உட்புறத்தில், பைப்பைத் தொடாதபடி, அலுமினியத் தாள் முகப்புடைய கண்ணாடி இழை விரிப்பை ரிவெட் அடித்தேன். இடைவெளியில் காற்று மேலேறிப் போக, தகட்டின் மேல்விளிம்பைத் திறந்தே விட்டேன்.

மே 19, திங்கள்

தகடு 58 டிகிரி! ஆயில் மாறவில்லை, பைப் மாறவில்லை, ஆனால் கால் பிழைத்தது. பட்டறைக்கு ஆன செலவு ஒரு டேங்க் பெட்ரோலுக்கும் குறைவு.

மே 25, ஞாயிறு

மிஞ்சியது ஆயில். ஆயில் கூலருக்குப் பின்னால் 12 வோல்ட் மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, ஆயில் 105-ஐத் தாண்டினால் ஓடவும் 98-க்கு இறங்கினால் நிற்கவும் வெப்ப சுவிட்ச் இணைத்தேன். தனி ரிலே, தனி ஃபியூஸ். நிற்கும் வண்டிக்குக் காற்று இல்லை என்பதுதான் முதல் நாளிலிருந்தே நோயாக இருந்தது. அதற்கு நேரான மருந்தைக் கடைசியாகக் கொடுத்திருக்கிறேன் என்று நினைக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. எர்ணாவூரில் நிழலில் 37 டிகிரி, ஆயில் 112.

ஜூன் 1, ஞாயிறு

விடியற்காலையில் கிளம்பி, செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா வழியாகச் சூலூர்ப்பேட்டை வரை போய்த் திரும்பினோம். போகும்போது ஆயில் 102-லேயே நின்றது. திரும்பும்போது மாதவரத்தில் லாரி நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தோம். விசிறி நான்கு முறை ஓடி நின்றது, ஆயில் 113-ஐத் தாண்டவில்லை. பெட்ரோல் மட்டும் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது 16-க்கு இறங்கியிருக்கிறது. வழியில் புகைப் பரிசோதனையும் செய்துகொண்டேன், சான்றிதழ் கிடைத்தது.

கொருக்குப்பேட்டை கேட் இன்றும் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி தானாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றவர் ஏதோ பழுது என்று நினைத்து எனக்குச் சைகை காட்டினார். பின்னால் மனைவி இறங்கவில்லை. விசிறி அதிகநேரம் ஓடினால் பேட்டரி தாங்குமா என்பதை அடுத்த வாரம் அளந்து பார்க்க வேண்டும்.