நாகைக் காரோணத்தில் தங்கமீன் திருநாள்

நாகப்பட்டினம் நீலாயதாட்சி அம்மனுக்கு ஆடிப்பூரம்தான் பெருவிழா என்றாலும், சேலத்துக்காரர்களான நமக்கு ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையை விட்டுவிட்டு வெளியூர் கிளம்ப மனம் வராது. ஆகவே ஆவணி ஆயில்யத்தன்று அங்கே நடைபெறும் அதிபத்த நாயனாரின் தங்கமீன் விழாவுக்குக் குடும்பத்தோடு சென்றுவந்தோம்.

இந்த மாதத்தில் செல்வோர் முதலில் யோசிக்க வேண்டியது தங்குமிடத்தைப் பற்றித்தான். ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணிப் பெருவிழா ஆவணியிலேயே வருவதால், வழக்கமாக அறைகள் தாராளமாகக் கிடைக்கும் வேளாங்கண்ணியை அப்போது நம்ப முடியாது. திருவாரூரில் தங்கிக் காரில் போய்வரலாம் என்று அண்ணன் சொன்னதற்கு, "சாமி பார்க்கப் போய், அவரு ஊர்ல ஒரு ராத்திரி கூடத் தங்கலைன்னா எப்படிப்பா?" என்று பெரியம்மா கேட்டுவிட்டார். அதன்பின் மறுபேச்சில்லை. முன்கூட்டியே சொல்லிவைத்து, நீலாயதாட்சி கோயிலுக்கு நடந்தே போகும் தொலைவில் ஒரு சிறிய விடுதியைப் பிடித்தோம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகள் துருவேறியிருந்தன, கடலும் தெரியவில்லை. ஆனால் நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள் என்பதால், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இடைப்பட்ட நேரத்தில் வந்து படுத்தெழ அது பேருதவியாக இருந்தது. கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் வாடகை கொடுப்பதைவிடக் கோயிலுக்கு அருகில் தங்குவதே மேல் என்பது என் கருத்து.

நாகைக் காரோணம் என்று வழங்கும் இந்த நீலாயதாட்சி கோயில் தேவார மூவர் பாடல் பெற்ற தலம். தியாகராஜருக்குரிய ஏழு தலங்களான சப்த விடங்கத் தலங்களுள் ஒன்று என்பதால் அவர் இங்கே சுந்தர விடங்கராக வீற்றிருக்கிறார். கருந்தடங்கண்ணி என்று தமிழில் வழங்கும் அம்பாளின் மீதுதான் முத்துசுவாமி தீட்சிதர் நீலாம்பரியில் 'அம்ப நீலாயதாக்ஷி' பாடினார். அம்பாளுக்கு எதிரே அமர்ந்த நந்தி, சுவாமி இருக்கும் பக்கமாகவும் சற்றே கழுத்தைத் திருப்பியிருப்பதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

108 திவ்ய தேசங்களுள் ஒன்றான சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும் ஊருக்குள்ளேயே உள்ளது. நம் அம்மாப்பேட்டைப் பெருமாளின் திருநாமம் என்பதால் பெரியம்மாவுக்கு அங்கே தனி உரிமை வந்துவிட்டது. எட்டுக் கரங்கள் கொண்ட நரசிம்மரின் செப்புத் திருமேனியைத் தவறவிடக் கூடாது. ஒரு கை பிரகலாதனின் தலையில் ஆதரவாகப் பதிந்திருக்க, மற்ற கைகள் இரணியனை வதம் செய்கின்றன. சீற்றமும் பரிவும் ஒரே உருவில் அமைந்த அந்த வார்ப்புத் திறனைக் கண்டு நாங்கள் வெகுநேரம் நகரவில்லை.

இராஜராஜ சோழன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் இங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ஆனைமங்கலம் கிராமம் கொடையாக அளிக்கப்பட்டது. அதைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. விகாரம் இன்று இல்லை.

அதிபத்தர் இவ்வூர் நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர். நாள்தோறும் வலையில் சிக்கும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவந்தவர், ஒரே மீன் கிடைத்த நாட்களிலும் அதையே விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார்; கடைசியில் மணிகள் பதித்த பொன்மீன் ஒன்றே சிக்கியபோதும் தயங்கவில்லை. விழாவன்று மாலை சுவாமி கடற்கரைக்கு எழுந்தருள, நாயனாரின் திருமேனியைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுசென்று அதே நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். மீனவக் குடும்பங்கள் அன்று சீர்வரிசைத் தட்டுகளோடு வருவதைப் பார்த்தால், அறுபத்து மூவரில் ஒருவரைத் தங்கள் வீட்டுப் பெரியவராகவே அவர்கள் எண்ணுவது புரியும்.

மறுநாள் நாகூர் தர்காவின் ஐந்து மினார்களையும் கண்டுவிட்டு, திருவாரூர் சாலையிலுள்ள சிக்கலுக்கு நடை சாத்துமுன் போய்ச் சேர்ந்தோம். ஐப்பசியில் சிங்காரவேலர் அன்னையிடம் வேல் வாங்கும்போது அவர் திருமுகத்தில் வியர்வை அரும்புவதைக் காண வருகிறவர்களும் நாகையிலேயே தங்கிக்கொள்ளலாம். சிக்கல் சிறிய ஊர், அன்றைய கூட்டத்துக்கு அங்கே இடம் போதாது.