அஞ்சலட்டையை வைத்து ஊரைத் தேடுவது: பெரிகோர் சந்தைகளில் ஒரு பொழுதுபோக்கு

தென்மேற்கு பிரான்சின் பெரிகோர் பகுதியில் சுற்றும்போது எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பழைய பொருள் சந்தையில் அந்த வட்டாரத்து ஊர் ஒன்றின் நூறு வருஷத்துக்கு முந்தைய அஞ்சலட்டையை வாங்குவேன். அப்புறம் அந்த ஊருக்கே போய், படம் எடுத்தவர் கேமராவை எங்கே நிறுத்தியிருப்பார் என்று தேடி, அதே இடத்தில் நின்று பார்ப்பேன். அவ்வளவுதான். சாதாரண அட்டைக்கு ஒன்றிரண்டு யூரோ ஆகும். பெட்டியில் இடத்தை அடைக்காது, உடையாது, விமான நிலையத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரும்புச் சட்டி, கத்தி, பீங்கான் என்று அலைகிறவர்களுக்கு இந்த நிம்மதி கிடையாது.

சந்தைகள் அங்கே இரண்டு வகை. ப்ரோகாந்த் என்றால் பெரும்பாலும் தொழிலாகவே செய்கிற வியாபாரிகள் கடை போடுவது. வீத் க்ரெனியே என்பது ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததை இறக்கிக் கொண்டுவந்து விற்பது. இதில் ஒரு தனிநபர் வருஷத்துக்கு 2 தடவைதான் விற்கலாம், அதுவும் தான் பயன்படுத்திய பொருளைத்தான் என்பது சட்டம். நடத்துவது ஊர் விழாக் குழுவோ பள்ளிப் பெற்றோர் சங்கமோ கால்பந்துக் குழுவோ. மேசை போட இடத்தை மீட்டர் கணக்கில் வாடகைக்கு விடுவார்கள், வரும் காசு ஏதாவது ஊர்க் காரியத்துக்குப் போகும். கையால் எழுதிய அறிவிப்பை ரவுண்டானாவில் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். நான் போன சந்தைகளில் பாதிக்கு வழிகாட்டியது இந்தக் கம்பங்கள்தான்.

விடியும் முன்னாலேயே டார்ச் லைட்டோடு வருகிறவர்கள் வியாபாரிகள். அவர்கள் வெள்ளிக் கரண்டியின் பின்புறத்தில் மினர்வா என்ற ரோமானிய தேவதையின் தலை முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துக்கொண்டே போவார்கள். அந்த முத்திரை 1838-இலிருந்து உண்டு. 1 என்ற எண்ணோடு இருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, 2 என்றால் 800. அட்டை தேடுகிறவர்களுக்கு அந்த அவசரம் இல்லை. காபி குடித்துவிட்டு எட்டு, எட்டரைக்குப் போனால் போதும். ஆனால் பெட்டியில் கை வைக்கும் முன் ‘போன்ஷூர்’ என்று வணக்கம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கை வைத்தால் விலை ஏறுகிறதோ இல்லையோ, முகம் இறுகிவிடும்.

ப்ரோகாந்தில் அட்டைகள் மாவட்ட எண்படி அடுக்கியிருக்கும்: 24 தோர்தோஞ், 46 லோத், 47 லோத்-எ-கரோன். அதற்குள் ஊர்ப் பெயர் அகரவரிசையில். தேடுவது சுலபம், விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும். வீத் க்ரெனியேயில் பிஸ்கட் டப்பாவில் குப்பையாகக் கிடக்கும், நடுவே யாரோ ஒருவரின் ஞானஸ்நானப் படம், பேரனின் பள்ளி அடையாள அட்டை எல்லாம் வரும். எனக்கு இந்த டப்பாதான் பிடிக்கும். ஒரே குடும்பத்துக்கு வந்த அட்டைகள் என்பதால் ஒரே கையெழுத்து திரும்பத் திரும்ப வரும், அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள், எங்கே பெண் கொடுத்தார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அட்டையின் வயதைக் கண்டுபிடிக்க முதலில் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 1903-04 வரை பிரான்சில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். சொல்ல வேண்டியதை முன்பக்கத்தில் படத்தின் ஓரத்திலேயே, வானத்தின் மேலேயே கிறுக்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு நடுவில் கோடு வந்தது, இடது பாதி எழுதுவதற்கென்று ஆனது. பல அட்டைகளில் ‘அன்பு முத்தங்கள்’ என்று ஒரு வரியும் பெயரும் மட்டும் இருக்கும். பாசம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்து சொற்களுக்குள் வாழ்த்தை முடித்தால் அஞ்சல் கட்டணம் குறைவு.

படத்திலும் துப்பு இருக்கும். தேவாலயத்துக்கு முன்னால் போர் நினைவுத்தூண் இருந்தால் அட்டை முதல் உலகப் போருக்குப் பிந்தையது. ஏறக்குறைய எல்லா ஊரிலும் அந்தத் தூணை எழுப்பியது 1918-க்குப் பிறகுதான். திசை தெரிய வேண்டுமா, பழைய தேவாலயங்களில் பீடம் பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருக்கும். கோபுரம், கூரை அமைப்பைப் பார்த்து கிழக்கைப் பிடித்துவிட்டால், நிழல் விழுகிற பக்கத்தை வைத்துக் காலையா மாலையா என்று சொல்லிவிடலாம். அதே நேரத்துக்குப் போனால் சுவரில் வெளிச்சமும் அட்டையில் விழுந்த மாதிரியே விழும். அசல் அட்டையை வெளியே எடுத்துத் திரிய வேண்டாம். கைபேசியில் இரு பக்கமும் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும்.

முதலில் கைகூடியது ‘மோன்பாசியே’ என்ற ஊர். இந்த வட்டாரத்தில் 1222 முதல் 1373 வரை பாஸ்தித் என்ற புது ஊர்களை வரிசையாகக் கட்டினார்கள். அளந்து கோடு போட்ட நேர்த் தெருக்கள், நடுவில் சந்தைச் சதுக்கம். பிரெஞ்சுக்காரர்களும் கட்டினார்கள், அப்போது அக்கித்தேன் என்ற இந்தத் தென்மேற்குப் பகுதி ஆங்கிலேய மன்னரிடம் இருந்ததால் ஆங்கிலேயர்களும் கட்டினார்கள். மோன்பாசியே 1284-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்காக எழுந்தது. மொத்தம் 400 மீட்டர் நீளம், 220 மீட்டர் அகலம், அவ்வளவுதான் ஊர். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்கூட நுழைய முடியாத இடுக்கு விட்டிருக்கிறார்கள். தீ பரவாமல் இருக்கவும், கழிவு ஓடவும்.

என்னிடம் இருந்த அட்டையில் சதுக்கமும், அதைச் சுற்றிய வளைவுத் தாழ்வாரமும், ஓரத்தில் மரத்தூண் சந்தைக் கொட்டகையும் தெரிந்தன. நேரில் போனால் முதல் பார்வைக்கு எல்லா வளைவும் ஒரே மாதிரிதான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒன்று கூர்மையாக முடிகிறது, பக்கத்தில் இருப்பது வட்டமாக, அடுத்தது தட்டையாக. அகலமும் வீட்டுக்கு வீடு மாறுகிறது. இந்த வரிசை ஒரு கைரேகை. அட்டையின் இடது ஓரத்திலிருந்து கூர், வட்டம், தட்டை என்று எண்ணிக்கொண்டு வந்ததில் பக்கம் பிடிபட்டது. ஆனால் எங்கே நின்றாலும் கொட்டகைக் கூரை அட்டையில் இருப்பதைவிட உயரமாகவே தெரிந்தது. காரணம் இதுதான்: படம் எடுத்தவர் தரையில் நிற்கவே இல்லை, முதல் மாடி ஜன்னலில் இருந்து எடுத்திருக்கிறார். அந்த ஜன்னல் இன்னும் இருக்கிறது, திரைச்சீலை போட்டு யாரோ குடியிருக்கிறார்கள். கதவைத் தட்டக் கூச்சமாக இருந்ததால் கைபேசியைத் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்து எடுத்தேன். கோணம் முக்கால்வாசி பொருந்தியது.

கொட்டகைக்குள் பழைய தானிய அளவைகள் இன்னும் இருக்கின்றன. 1637-இல் விவசாயிகள் கலகத்தின் தலைவர்களில் ஒருவரான புஃபாரோவைக் கொன்றதும் இதே சதுக்கத்தில்தான். அட்டையில் அங்கே சிறுவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்தக் காலத்து அட்டைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், கேமரா வந்தால் ஊர்ப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள், படம்பிடிப்பவரும் துரத்த மாட்டார். இப்போது அந்த இடத்தில் ஐஸ்கிரீம் கடையின் நாற்காலிகள்.

இன்னொரு அட்டை துணி துவைக்கும் துறையைக் காட்டியது. கூரை போட்ட கல்தொட்டி, ஓரத்தில் மண்டியிட்ட பெண்கள். ஊர்ப் பெயர் அழிந்திருந்தது. டப்பாவை விற்ற அம்மாவிடமே கேட்டேன். “இது எங்க ஊர்த் துறைதாங்க, தேவாலயத்துக்குப் பின்னால சரிவுல இறங்குங்க, தண்ணி இன்னும் ஓடுது” என்றார். அவர் மேசைக்கு அடியிலேயே ஒரு மரப்பெட்டி இருந்தது: மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் திறப்பு, அடியில் கொஞ்சம் வைக்கோல். பூந்தொட்டி வைக்க என்று விலை எழுதி ஒட்டியிருந்தார். அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெண்கள் மண்டியிட்டிருப்பது அதே மாதிரிப் பெட்டிக்குள். முழங்காலில் ஈரம் ஏறாமல் இருக்கத்தான் அந்தப் பெட்டியும் வைக்கோலும். எடுத்துக் காட்டியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, சீட்டைக் கிழித்துவிட்டார். விலையை ஏற்றினாரா என்று நான் நின்று பார்க்கவில்லை.

அதே மேசையில் சிவப்பு நூலில் இரண்டெழுத்துத் தையல் போட்ட கெட்டியான லினன் விரிப்புகளும் அடுக்கியிருந்தன. கிராமங்களில் பெரிய துவைப்பு வருஷத்தில் சில தடவைதான் நடக்கும். சாம்பலைப் போட்டுக் கொதிநீரை ஊற்றி ஊறவைத்து, அப்புறம் துறைக்குக் கொண்டுபோய் அலசுவார்கள். நம் ஊர் வெள்ளாவி மாதிரியே ஒரு ஏற்பாடு. அடுத்த துவைப்பு வரை தாங்க வேண்டும் என்பதால்தான் கல்யாணச் சீரிலேயே டஜன் கணக்கில் விரிப்பு. எல்லார் வீட்டுத் துணியும் ஒரே துறைக்கு வரும், எழுத்து தைக்காவிட்டால் மாறிப்போகும். சந்தைகளில் இவ்வளவு விரிப்பு எங்கிருந்து கொட்டுகிறது என்று முன்பு யோசித்ததுண்டு. துறையைப் பார்த்தபின் யோசிக்கவில்லை. ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், என் பெட்டிக்குத் தாங்காது.

பெல்வெஸ், வில்ரெயால் என்ற இரண்டு ஊர்களும் சுலபமாக முடிந்தன. வில்ரெயாலின் சந்தைக் கொட்டகைக்கு மாடி இருக்கிறது, எந்த அட்டையிலும் தப்பாது. பெல்வெஸில் சந்தைக்கு அடியில் பாறையைக் குடைந்த பழைய குடியிருப்புகள் உண்டு, அட்டையை மறந்து அதற்குள் இறங்கிவிடுவது நல்லது. சார்லா அழகான ஊர்தான், இந்த விளையாட்டுக்கு ஒத்துவரவில்லை. பழைய நகர்ப் பகுதிகளைக் காக்க 1962-இல் வந்த சட்டத்தால் முதலில் பயன்பெற்ற ஊர்களில் அதுவும் ஒன்று. எல்லாம் துடைத்துத் தேன்நிறக் கல்லாக ஜொலிக்கிறது, அட்டையில் இருக்கும் கடைப் பலகையும் அழுக்குச் சுவரும் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அட்டையில் இருந்த சேன்ட் மரி தேவாலயம் இப்போது காய்கறிச் சந்தை. அதன் பிரம்மாண்டமான எஃகுக் கதவுகளை வடிவமைத்தவர் அந்த ஊரில் வளர்ந்த கட்டடக் கலைஞர் ஜான் நூவெல்.

பெட்டிகளின் கடைசியில், மாவட்ட எண்கள் முடிந்தபின், ‘காலனிகள்’ என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் புதுச்சேரி தலைகாட்டும். கடற்கரைத் துறைப்பாலம், பின்னால் ஆள் தள்ளிக்கொண்டு போகும் புஷ்புஷ் வண்டி. விலை உள்ளூர் அட்டையைவிடப் பல மடங்கு. தோர்தோஞ் கிராமத்து மழையில் நின்றுகொண்டு அதைப் பேரம் பேசியது தனி அனுபவம். வியாபாரி ஒரு யூரோகூடக் குறைக்கவில்லை. வாங்கவில்லை, புதுச்சேரிக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

பிடிபடாத அட்டை ஒன்று கையில் இருக்கிறது. ‘பெரிகோர், பழைய தெரு’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். தெருவின் நடுவில் வடிகால், வலது பக்கம் மேல்மாடி வெளியே துருத்திய மரச்சட்ட வீடு, கோடியில் ஒரு வளைவு. இஸ்ஸிஜாக்கில் காளான் போல மேலே அகன்ற வீடு ஒன்று உண்டு, அதுவாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் புகுந்து போய்ப் பார்த்தேன். அது தெருமுனையில் இருக்கிறது, அட்டையில் உள்ளது தெருவின் நடுவில். அடுத்து பார்க்க வேண்டியது பெர்ஜராக்கின் பழைய பகுதி, அங்கேயும் மரச்சட்ட வீடுகள் நிறைய.