மூணு நிமிஷ வீடியோ

மார்ச் 3, திங்கள்
கைக்குழந்தைகள் தானாக அசைவதை வீடியோவில் பார்த்து, மூளையில் பாதிப்பு இருக்குமா என்று கணிப்பது என் வேலை. காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஏழு வீடியோ. தேறியது ரெண்டுதான். தேறாததில் ஒன்றில் பிள்ளை தூளிக்குள் கிடக்கிறது, முகம் மட்டும் தெரிகிறது. இன்னொரு வீட்டில் அப்பத்தா கிலுகிலுப்பையை ஆட்ட, பையன் அதையே வைத்த கண் வாங்காமல் பார்க்கிறான். உற்றுப் பார்க்கும்போதும் அழும்போதும் எனக்கு வேண்டிய அசைவு காணாமல் போய்விடும். மறுபடி அதே பாட்டு: பாயில் மல்லாக்கப் போடுங்க, கைகால் மூடாதீங்க, முழிச்சிருக்கணும், பேச்சுக் கொடுக்காதீங்க.

மார்ச் 4
கிலுகிலுப்பை வீட்டிலிருந்து புது வீடியோ. 30 வாரத்தில் பிறந்தவன். பிறந்து 22 வாரம். பத்து வாரம் முந்தி வந்ததைக் கழித்தால் என் கணக்கில் 12. சரியான நேரம்தான். 9 வாரத்திலிருந்து 20 வாரம் வரை, முழித்திருக்கும் பிள்ளைக்குக் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டே இருக்கும். ஃபிட்ஜெட்டி அசைவு என்போம். அது இல்லாவிட்டால் பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கெடுவது, வரும் வாய்ப்பு அதிகம். இப்படி அசைவைப் பார்த்துக் கணிப்பது ப்ரெக்டல் என்ற மருத்துவர் வகுத்துக் கொடுத்த முறை. கருவி வேண்டாம், பழகிய கண் போதும்.

சத்தத்தை அணைத்துவிட்டு மூன்று தடவை பார்த்தேன். காலை உதைக்கிறான், கையை வீசுகிறான். அந்த நெளிவு மட்டும் எங்குமே இல்லை.

கூடவே அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்: "ரொம்பச் சமத்து மேடம். போட்ட இடத்துல கிடப்பான்."

இரண்டு வாரம் கழித்து இன்னொன்று கேட்டிருக்கிறேன்.

மார்ச் 18
இதிலும் இல்லை. நான் எதுவும் சொல்லாமல் சீனியரிடம் போட்டுக் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார்.

போனில் பெருமூளை வாதம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. வீடியோவை மட்டும் வைத்து அதைச் சொல்லவும் கூடாது, எம்.ஆர்.ஐ., நேரில் நரம்புப் பரிசோதனை எல்லாம் சேர்ந்துதான் முடிவு. "ஒரு வயசு ஆகட்டும், உட்கார்றானா பாப்போம்னு சொன்னாங்களே மேடம்?" என்றாள் அம்மா. இந்த 'பாப்போம்' மேல்தான் எனக்குத் தீராத கோபம். மூளை வேகமாகப் பழகிக்கொள்ளும் மாதங்கள் அதிலேயே கரைந்துபோகும்.

மார்ச் 21
ரெண்டு பஸ் மாறி வந்துவிட்டார்கள். இடது கை விரல் எந்நேரமும் மடங்கியே இருக்கிறது. வீடியோவில் அதை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். எம்.ஆர்.ஐ.க்கு எழுதியாயிற்று. பிள்ளைக்கான பயிற்சி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும், காட்டுங்க" என்றாள் அம்மா. பயிற்சி வகுப்பு வீடியோ ஒன்றைப் போட்டேன். ரொம்ப நேரம் திரையையே பார்த்தாள். "இம்புட்டுச் சின்னதா?" அவ்வளவுதான் கேட்டாள்.

அப்பத்தா மஞ்சப்பைக்குள் கைவிட்டுக் கிலுகிலுப்பையை எடுத்தார். "இனிமேயாச்சும் ஆட்டலாமா தாயி?"

"ஆட்டுங்க அப்பத்தா. இடது பக்கமா. அவனா கையை நீட்டுற வரைக்கும் கொடுத்துடாதீங்க."